மூணு பல்பும் எரிந்தால் மோட்டார் போடலாம்

எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று சின்ன பல்புகள் உண்டு. மூன்றும் எரிந்தால் த்ரீ பேஸ் வந்துவிட்டது, போய் பச்சை பட்டனை அழுத்தலாம். 2012-ல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூரைத் திறக்கவில்லை, குறுவைக்கு போர்செட்டை விட்டால் கதியில்லை, கரண்டோ நாளில் பாதி நேரம் இருக்காது. சித்தப்பா கொட்டகை வாசலிலேயே கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துக்கிடப்பார். ராத்திரி இரண்டு மணிக்கு பல்பு எரியும், எழுந்து மோட்டார் போடுவார், தண்ணீர் நாற்றங்கால் மடையைத் தொடுவதற்குள் நீலம் அணைந்துவிடும்.

அதே வருஷம் ஜூலை 30, 31-ல் வடக்கே பெரிய இருட்டு. இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகளும் (கிரிட்) சேர்ந்து விழுந்தன, டெல்லி மெட்ரோ நின்றது. டிவியில் பார்த்துவிட்டு சித்தப்பா "நம்ம வியாதி அவனுக்கும் தொத்திக்கிச்சா" என்றார். தெற்கு மட்டும் விழவில்லை. அப்போது தெற்கு மின்தொகுப்பு மற்ற தொகுப்புகளோடு ஒரே ஓட்டத்தில் ஓடவில்லை, நேர்மின்சார (டிசி) இணைப்புகள் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். அங்கே விழுந்தது இங்கே தொடராததற்கும் அதுதான் காரணம், அங்கே கரண்ட் மிச்சமிருக்கிற நாளிலும் வேண்டிய அளவு வாங்கிக்கொள்ள முடியாததற்கும் அதுதான் காரணம். 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்த பிறகுதான் நாடு முழுக்க ஒரே தொகுப்பு ஆனது.

சரி, ஏன் வாங்க வேண்டியிருக்கிறது? நிலக்கரி பெரும்பாலும் ஜார்க்கண்ட், ஒடிசா, சத்தீஸ்கர் பக்கம் கிடக்கிறது. தெற்கே தெலங்கானாவில் சிங்கரேணி, நமக்கு நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி. ஆகவே ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய கரி ரயிலேறி பாரதீப் துறைமுகம் வந்து, கப்பலேறி எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு என்றால் எண்ணூரில் இறக்கி மறுபடி ரயில். நம்ம நாட்டுக் கரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான், அதற்கும் சேர்த்துத்தான் வாடகை.

அணு உலைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை, கப்பல் கப்பலாக எதுவும் வர வேண்டாம். அதனால்தான் தாராப்பூர், ராவத்பாட்டா, கைகா, கல்பாக்கம், கூடங்குளம் என்று எல்லாம் கரிவயல்களை விட்டுத் தள்ளியே இருக்கின்றன. ஜார்க்கண்டின் ஜாதுகூடாவில் யுரேனியமே தோண்டுகிறார்கள், ஆனால் அந்த மாநிலத்தில் ஓர் அணுமின் நிலையம்கூட இல்லை. தமிழ்நாட்டில் இரண்டு. கூடங்குளத்தில் ஓர் உலைக்கு 1000 மெகாவாட். நம் டெல்டாவின் சொந்தச் சரக்கு எரிவாயு: மன்னார்குடிக்குத் தெற்கே கோவில்களப்பாளில் ஒரு மின்நிலையம், குத்தாலத்தில் (குற்றாலம் இல்லை, மாயவரம் பக்கம்) ஒன்று, இரண்டும் சேர்ந்து 200 சொச்சம் மெகாவாட்.

2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு என்று மூன்று இடங்கள் நிலக்கரி ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து டெல்டாவே கொதித்தது, சில நாளிலேயே மூன்றையும் ஏலத்திலிருந்து எடுத்தார்கள். நானும் சந்தோஷப்பட்டேன், இப்போதும் அது சரிதான் என்பேன். அன்றைக்கு டீக்கடையில் ஒருத்தர், "ஏன் தம்பி, சத்தீஸ்கர்ல இருக்கறது மட்டும் வயல் இல்லையா?" என்று கேட்டுவிட்டு கிளாஸை வைத்துவிட்டுப் போனார். அந்த மாநிலத்தின் ராய்கரிலிருந்து நம் திருப்பூர் மாவட்டத்துப் புகளூருக்கு 6000 மெகாவாட் கொண்டுவரும் லைன் இருக்கிறது, கரியை அங்கேயே எரித்து வெறும் கரண்டாக இங்கே அனுப்புவதற்கு. சாம்பல் அவர்களோடேயே நின்றுவிடும். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

சித்தப்பா இப்போது ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துவிட்டார். போன வாரம் ராத்திரி நான் அங்கே இருந்தேன். மூன்று பல்பும் எரிந்தன, ஸ்டார்ட்டர் டக்கென்றது, குழாய் இரண்டு தடவை காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. கட்டில் வீட்டுத் திண்ணைக்குப் போய் வருஷமாகிறது, அவர் குறட்டை நிற்கவே இல்லை.