2-3 ஸோன் முன்னால் திணறும் கல்லூரி அணிகளுக்கு

தமிழ்நாட்டில் கல்லூரி ஆண்கள் பாஸ்கெட்பால் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். எதிரணி 2-3 ஸோனில் நிற்கும், அதாவது மேலே இருவர், வளையத்துக்குப் பக்கத்தில் மூவர் என ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காக்கும். பந்து வைத்திருக்கும் அணி த்ரீ பாயிண்ட் கோட்டுக்கு வெளியிலேயே வலமும் இடமுமாக பாஸ் போட்டுக்கொண்டிருக்கும். ஷாட் எடுக்கத் தரப்படும் 24 செகண்டை எண்ணும் ஷாட் கிளாக் ஐந்துக்கு இறங்கியதும் யாராவது ஒருவர் அவசரமாக ஒரு த்ரீ எறிவார். ரீபவுண்ட் எதிரணி கைக்குப் போகும், அடுத்த சில நொடியில் மறுபக்கம் லே-அப். ஆட்டம் முடிந்ததும் "இன்னைக்கு ஷூட்டிங் விழல" என்பார்கள். ஷூட்டிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பந்து ஸோனுக்குள் ஒருமுறைகூடப் போகவில்லை, அதுதான் பிரச்சினை.

இவ்வளவு பேர் ஸோன் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. நம் போட்டிகள் சர்வதேச கூட்டமைப்பான ஃபிபாவின் விதிப்படி நடப்பவை. என்பிஏவில் இருக்கிற டிஃபென்ஸ் மூன்று செகண்ட் விதி இங்கே கிடையாது. உயரமான சென்டர் கீ-க்குள், அதாவது வளையத்துக்கு முன்னால் வரைந்திருக்கும் கட்டத்துக்குள், விருப்பம்போல் நிற்கலாம். கீயின் அகலம் 4.9 மீட்டர்தான், கையை விரித்து நின்றாலே பாதி அடைபட்டுவிடும். அதோடு 2010-ல் த்ரீ பாயிண்ட் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75-க்குத் தள்ளிப்போனது. அந்தத் தூரத்திலிருந்து நம்பிப் போடக்கூடியவர் ஒரு கல்லூரி அணியில் இரண்டு பேர் இருந்தாலே பெரிது. உள்ளே அடைத்துவிட்டு, "வெளியிலிருந்து போட்டுக்கொள்" என்று விடுவது கோச்சுக்கு லாபமான கணக்கு.

உடைக்க வேண்டிய இடம் ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுப்புள்ளி. மேலே நிற்கும் இரண்டு கார்டுகளுக்குப் பின்னால், கீழே நிற்கும் மூவருக்கு முன்னால், யாருக்கும் சொந்தமில்லாத இடம் அது. பெரும்பாலான அணிகள் இந்த ஹை போஸ்டில் சென்டரை நிறுத்துகின்றன. அது தவறு. பந்து வந்ததும் அவர் தலையைக் குனிந்து ஒரு டிரிபிள் வைப்பார், பின்னாலிருந்து ஒரு கார்டு தட்டிக்கொண்டு போவார். அங்கே தேவைப்படுவது உயரத்தைவிட கண். அணியில் நன்றாக பாஸ் போடும் ஃபார்வர்டை அங்கே நிறுத்துங்கள். சென்டர் வளையத்துக்குப் பின்னால் ஓடும் பேஸ்லைன் ஓரம், போர்டுக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். இரண்டு ஷூட்டர்கள் விங்கில், அதாவது பக்கத்துக்கு ஒருவராக, பாயிண்ட் கார்டு மேலே.

ஹை போஸ்டில் பந்தைப் பிடித்தவர் டிரிபிள் வைக்கக் கூடாது. பிடித்த வேகத்திலேயே ஒரு காலை ஊன்றித் திரும்பி (பிவட் செய்து) வளையத்தைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் கவனிக்க வேண்டியது கீழ் வரிசையின் நடு ஆளை மட்டும். அவர் மேலே ஏறி வந்தால் அவருக்குப் பின்னால் சென்டர் தனியாக நிற்பார், பந்து அங்கே போக வேண்டும். அவர் ஏறாமல் நின்றால் ஷாட் எடுக்கலாம், போர்டிலிருந்து 4.6 மீட்டர், தினமும் ஃப்ரீ த்ரோவாகப் போடும் அதே தூரம். ஓரத்து ஆள் உள்ளே வந்து உதவினால் அவர் விட்டுவந்த கார்னருக்கு விங் ஷூட்டர் இறங்கியிருப்பார். அங்கே கோடு 6.6 மீட்டர்தான், மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் பக்கம்.

இதைப் பலகையில் வரைந்து காட்டினால் எல்லோருக்கும் புரியும். கோர்ட்டில்தான் சொதப்பும். முதல் கோளாறு, ஹை போஸ்ட் ஆள் பந்துக்கு ஆசைப்பட்டு மெல்ல மெல்ல மேலே ஏறிவிடுவது. ஃப்ரீ த்ரோ கோட்டைத் தாண்டி இரண்டடி வெளியே வந்துவிட்டால் ஸோனுக்கு அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை. பாஸ் வரும் நொடிவரை அவர் கார்டின் முதுகுக்குப் பின்னால் மறைந்து நின்று, கடைசி நேரத்தில் ஒரு எட்டு வைத்து இடைவெளிக்குள் வர வேண்டும். அடுத்தது பாஸ் கொடுப்பவரின் கோளாறு. நேராகப் பார்த்து நேராகக் கொடுத்தால் நிச்சயம் வெட்டுப்படும். தலைக்கு மேல் ஃபேக் காட்டினால் கார்டின் கை மேலே போகும், இடுப்பு உயரத்தில் பந்து உள்ளே நுழையும்.

பயிற்சிக்கு அரைக் கோர்ட்டில் ஐந்துக்கு ஐந்து விடுங்கள். கிளாக் 24 வேண்டாம், 14. ஹை போஸ்டில் பந்து ஒருமுறை படாமல் ஷாட் செல்லாது. யாரும் பந்தை இரண்டு நொடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எட்டு நிமிடம், இடையில் தண்ணீர், மறுபடி எட்டு நிமிடம். ஒரு வாரத்தில் பாஸ் சுலபமாகப் போக ஆரம்பித்ததும் டிஃபென்ஸில் ஆறாவது ஆளைச் சேருங்கள். ஆறு பேரைத் தாண்டி ஆடப் பழகிய அணிக்கு மேட்ச்சில் ஐந்து பேர் காலியாகத் தெரிவார்கள்.

ஸோனில் இன்னொரு ஓட்டை ரீபவுண்ட். ஆளுக்கு ஆள் காக்கும் மேன் டு மேன்போல யார் யாரைத் தடுத்து நிற்பது என்ற கணக்கு அதில் இருக்காது. ஷாட் கிளம்பியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடிவரும் ஃபார்வர்டை யாரும் பார்க்க மாட்டார்கள். மூன்று பேர் உள்ளே போகட்டும், இரண்டு பேர் பின்னால் ஓடட்டும். ஐந்து பேரும் நின்று வேடிக்கை பார்ப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. பந்து ரிங்கில் பட்டு உங்கள் கைக்கே வந்தால் கிளாக்கில் கிடைப்பது 14 செகண்ட். அரைக் கோர்ட் பயிற்சியில் 14 வைக்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஸோன் உடைய ஆரம்பித்ததும் எதிரணி கையைப் போடும். ஒரு குவார்ட்டரில் அணிக்கு நான்கு ஃபவுல் ஆகிவிட்டால் ஐந்தாவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ. பயிற்சி தொடங்கும் முன் நின்று நிதானமாக ஐம்பது போடுவது இதற்கு உதவாது. 28 மீட்டர் கோர்ட்டை முழு வேகத்தில் இரண்டுமுறை போய்வந்து, மூச்சு வாங்கும்போதே இரண்டு போட வேண்டும். இதைப் பத்துச் சுற்று செய்து, இருபதில் எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். களைத்தவரின் பந்து பெரும்பாலும் முன் ரிங்கில் அடிக்கும். முழங்கால் மடங்காததால் வருவது அது. கையைத் திருத்த வேண்டாம், காலைச் சொல்லிக் கொடுங்கள்.

சிமெண்ட் கோர்ட்டில் பழகி மரத்தரை இண்டோரில் ஆடப்போகும் அணிகள் ஷூவைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. சிமெண்டில் தேய்ந்த அடிப்பகுதி மரத்தில் வழுக்கும், கணுக்கால் திரும்புவது அப்படித்தான். மேட்ச் பந்தையும் கடைசி இரண்டு வாரமாவது கையில் கொடுங்கள். ரப்பர் பந்தின் பிடி வேறு.

கடைசி இரண்டு நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் கையைக் காட்டி டைம் அவுட் கேட்க ஃபிபாவில் இடமில்லை. பெஞ்சில் இருக்கும் கோச்தான் டேபிளில் கேட்க வேண்டும். அதுவும் ஆட்டம் நின்று பந்து டெட் ஆகும்போதோ, எதிரணி பாஸ்கெட் போட்டதுமோதான் கிடைக்கும். இரண்டாம் பாதிக்கு மூன்று டைம் அவுட், கடைசி இரண்டு நிமிடத்தில் அதிகபட்சம் இரண்டு. அந்த நேரத்தில் எதிரணி பாஸ்கெட் போட்டதும் டைம் அவுட் எடுத்தால், பந்தை முன் கோர்ட்டில், அதாவது நீங்கள் பாஸ்கெட் போடும் பாதியில், பக்கக்கோட்டிலிருந்து போடலாம். ஷாட் கிளாக் 14-ல் தொடங்கும். அந்த இடத்திலிருந்து ஸோனுக்கு எதிராக ஒரு பிளே கைவசம் இருக்க வேண்டும். பந்து போடுபவர் யார், ஹை போஸ்டுக்கு ஓடிவருபவர் யார், கார்னரில் நிற்பவர் யார் என்பதை ஊரிலேயே முடிவு செய்து, வாரம் இரண்டு நாளாவது ஓடிப் பாருங்கள்.