புளியங்கொட்டையில் ஒரு வாக்கு எண்ணிக்கை

2024 ஜூன் 4 அன்று மக்களவைத் தேர்தலில் தர்மபுரி தொகுதியின் முடிவு வந்ததும், அம்மா வீட்டுத் திண்ணைச் சுவரில் சாக்பீஸால் மூன்று எண்களை எழுதிவைத்தேன். தி.மு.க. 4,32,667. பா.ம.க. 4,11,367. அ.தி.மு.க. 2,93,629. பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள் நான். எண்கள் கண்ணெதிரே இருந்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். அந்தத் திண்ணையில்தான் பெண்கள் கூடிப் புளி தட்டுவார்கள். வியாபாரி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கிக் கொடுத்தால் கிலோ கணக்கில் கூலி. அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சித்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாக்களித்தது மூன்றாவதாக வந்தவருக்கு.

"வெயிலில் வரிசையில் நின்று போட்ட ஓட்டு. ஒன்றுக்கும் ஆகாமல் போய்விட்டதே" என்றார்.

"தோற்கிற ஆளுக்குப் போட்டால் அப்படித்தான்" என்றார் எதிர்வீட்டு அக்கா. "நான் எப்போதும் யார் ஜெயிப்பார் என்று விசாரித்துவிட்டுத்தான் போடுவேன். பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று பார்ப்பதில்லை."

அக்கா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மனது கனத்துப்போனது. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகமாக வாக்குப் பதிவானது எங்கள் தொகுதியில்தான், 81.20 சதவீதம். பெங்களூரில் கட்டட வேலைக்கும் பேக்கரி வேலைக்கும் போன பிள்ளைகள் முந்தின இரவு பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். அப்படி வந்து வாக்களிக்கிற ஊரில், பிடித்தவரின் பெயரைச் சொல்லவே ஒருவர் தயங்குகிறார் என்றால் கேள்வி கேட்கும் முறையில்தான் கோளாறு.

வென்றவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. யாருக்கு அதிகமோ அவருக்கே இடம் என்பது சட்டம். ஆனால் அவர் பெற்றது நூற்றுக்கு 35-க்கும் குறைவு. மற்றவர்கள் அவரை வேண்டாம் என்றார்களா, அடுத்தபடியாக அவரே பரவாயில்லை என்று நினைத்தார்களா? யாருக்கும் தெரியாது. 21,300 வாக்கு வித்தியாசத்தில் முடிந்த போட்டியில், மூன்றாமவருக்கு வாக்களித்த கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேரிடம் "முதல் இருவரில் யார்?" என்று எந்திரம் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு 86 வயது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 85 வயதைக் கடந்தவர்களுக்கு உள்ள ஏற்பாட்டின்படி, ஏப்ரலில் அதிகாரிகள் வீட்டுக்கே வந்து அவரிடம் தபால் வாக்கு வாங்கிச் சென்றார்கள். அவர்தான் சொன்னார்: "அடுத்த விருப்பத்தையும் கேட்பது ஒன்றும் புதிதில்லை, பாப்பா. நம் சட்டமன்றத்துக்கு மேலவை இருந்த காலத்தில், ஆசிரியர்கள் வாக்களிக்கும் ஆசிரியர் தொகுதியில் நான் 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களித்திருக்கிறேன்."

1986-இல் மேலவை போனதோடு தாத்தாவுக்கு அந்த வாய்ப்பும் போனது. எம்.எல்.ஏ.க்களுக்குப் போகவில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் இன்றும் அவர்கள் விருப்ப வரிசை எழுதித்தான் வாக்களிக்கிறார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலும் அப்படியே. 1969-இல் முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல், இரண்டாம் விருப்பங்களையும் எண்ணிய பிறகுதான் வி.வி. கிரி வென்றார். நாம் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களுக்கு இருக்கிற உரிமை, அனுப்புகிற நமக்கு ஏன் இல்லை? எனக்கு இது ஆறவே இல்லை.

திண்ணையிலேயே நடத்திப் பார்த்துவிடலாம் என்று நோட்டுத் தாளைக் கிழித்துப் பதினொரு சீட்டு செய்தேன். ஊருக்கு முதலில் எதைக் கேட்பது என்பதுதான் போட்டி. குழாயில் ஒழுங்காகத் தண்ணீர், இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு பஸ், சுடுகாட்டுக்குப் பாதை. குடம், பஸ், பாதை என்று மூன்று படம் வரைந்தேன்.

"எழுதப் படிக்கத் தெரியாதவள் எப்படி எண் போடுவது?" என்று ஆயா கேட்டார். நியாயமான கேள்வி. முதலில் வேண்டியதற்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு கோடு போடச் சொன்னேன். பால் கணக்கைச் சுவரில் கோடு போட்டே வைத்திருந்தவர் ஆயா. எல்லோருக்கும் முன்னால் சீட்டை மடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

முறத்தில் புளியங்கொட்டைகளை வைத்து எண்ணினேன். பஸ் 5, தண்ணீர் 4, பாதை 2. மில் வேலைக்குப் போகும் பெண்கள் கை தட்டினார்கள். நம் சட்டப்படி அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் பதினொன்றில் பாதிக்கு மேல் என்றால் ஆறு வேண்டும். கடைசியில் நின்ற பாதையை நீக்கிவிட்டு அந்த இரண்டு சீட்டுகளைப் பிரித்தேன். இரண்டிலும் குடத்தின் மேல் இரண்டு கோடு. இரண்டு கொட்டைகளை நகர்த்தினேன். தண்ணீர் 6, பஸ் 5.

மில்லுக்குப் போகிற பெண் ஒருத்திக்குக் கோபம் வந்துவிட்டது. "முதலில் வந்தது நாங்கள்தானே? தோற்றவர்களுக்கு மட்டும் இரண்டு ஓட்டா?" நான் சமாளிக்கவில்லை. இரண்டாவது சுற்றிலும் உன் சீட்டு பஸ்ஸுக்கே எண்ணப்பட்டது, ஆளுக்கு ஒரு சீட்டு ஒரு கொட்டைதான் என்று முறத்தைக் காட்டினேன். அவள் எண்ணிப் பார்த்தாள். ஒப்புக்கொள்ள நேரம் எடுத்தது. சித்தியோ முறத்தை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "என் சீட்டு பாதையோடு போய்விடவில்லை" என்றார்.

எல்லா நோய்க்கும் இது மருந்தில்லை. 2014 மக்களவைத் தேர்தலில் நூற்றுக்கு 45-க்கும் குறைவான வாக்குகளுடன் அ.தி.மு.க. 39-இல் 37 இடங்களை எடுத்தது. ஏறக்குறைய 24 சதவீதம் வாங்கிய தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. அதைச் சரிசெய்ய வாக்கு விகிதப்படி இடம் தரும் வேறு ஏற்பாடு வேண்டும். சீட்டில் இடம் இருந்தாலும் மக்கள் எழுதிப் பழக வேண்டும் என்பதும் உண்மை. 2024 செப்டம்பரில் இலங்கை அதிபர் தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டாததால் முதன்முறையாக அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். ஆனாலும் முதல் சுற்றில் முந்தியவரே வென்றார். எனக்கு அதில் ஏமாற்றம் இல்லை. கேட்டுவிட்டு முடிவு சொன்னார்கள் அல்லவா, எனக்கு வேண்டியது அதுதான்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதியபோது முதலில் தண்ணீர், இரண்டாவது பஸ், மூன்றாவது பாதை என்று வைத்தோம். எழுதியது கோபப்பட்ட அந்த மில் பெண்தான். எதிர்வீட்டு அக்கா கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அன்றைக்கு நான் பாதைக்குத்தான் முதல் கோடு போட்டேன். அது ஜெயிக்காது என்று தெரிந்தேதான்."