நாற்பது பிடி அரிசி

பச்சரிசியும் புழுங்கலரிசியும் ஒரே பானையில் ஒன்றுபோல வேகாது. இது பொய்யில்லை. பச்சரிசி குழைந்துகொண்டிருக்கும்போது புழுங்கல் நடுவில் விறைத்து நிற்கும். அந்த நேரத்தில் வெல்லத்தைப் போட்டால் தீர்ந்தது, இனிப்பு ஏறிய அரிசி அதற்குமேல் மசியாது. பழைய அரிசி குடிக்கிற தண்ணீரைப் புது அரிசி குடிக்காது. 2025 பொங்கலுக்கு முன், பிள்ளைகள் வீட்டு அரிசியில் பள்ளியில் பொங்கல் வைப்பதை விட்டதற்குப் போனில் ஒரு தாயிடம் நான் சொன்ன காரணம் இதுதான். அடுப்படி தெரிந்த யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அவர் கேட்டது சமையலைப் பற்றி அல்ல.

"ஏனுங் டீச்சர், எல்லாரூட்டு அரிசியும் ஒரே பானைலயாங்க போடுவீங்க?"

கொங்குப் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்விக்குள் இருக்கும் சாதிக்கு உரை வேண்டியதில்லை. குரலில் கோபம் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. "வேகாதுங்க. அதனால பள்ளிக்கூடத்துலயே வாங்கிக்கிறோமுங்க" என்றேன். அந்த நொடிவரை அப்படி ஒரு முடிவே கிடையாது.

திட்டம் வேறாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் 40 பிள்ளைகள். ஆளுக்கு ஒரு கைப்பிடி அரிசி வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் மூடிய கைக்குள் ஏறக்குறைய 25 கிராம் அடங்கும், ஆக 40 பிடி ஒரு கிலோ. முதலில் ஊகம்: ஒரு கிலோவுக்கு எத்தனை பிடி என்று கேட்டால் பத்தில் தொடங்கி ஐந்நூறு வரை பதில் வரும். பிறகு நிறுவை. தட்டுத் தராசில் இவ்வளவு சின்ன வித்தியாசம் தெரியாது, கடைகளில் வைத்திருக்கும் மின்னணுத் தராசு வேண்டும். பிள்ளைகள் பிடியைக் கோபுரமாக அள்ளுவார்கள், அதனால் விரலை முழுக்க மூடச்சொல்லி வெளியே நிற்பதைத் தட்டிவிட வேண்டும். ஈரக்கையில் பருக்கை ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும், கை கழுவியதும் துடைக்கவில்லை என்றால் எடை தப்பும். அதன்பின் ஆழாக்கு, உழக்கு, படி. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை ஊற்றிப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

பானைக்கு: ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றரைக் கிலோ வெல்லம், அரை லிட்டர் பால், கால் கிலோ நெய். வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டாவிட்டால் மண் பல்லில் நறநறக்கும். கவுந்தப்பாடி நாட்டுச்சக்கரை போட்டால் நிறம் கறுக்கும், மணம் தூக்கும். மண்பானை புதிதென்றால் முந்தைய நாளே தண்ணீரில் ஊறப்போட வேண்டும், இல்லையேல் தீ பட்டதும் விரிசல். வெறும் தண்ணீர் பொங்கி வழியாது, பாலும் அரிசிக் கஞ்சியும் சேர்ந்த நுரைதான் வழியும். கிழக்கே பொங்க வேண்டுமானால் அடிக்கல்லை ஒரு விரற்கடை சாய்த்து வைப்பது எங்கள் ஊர்ப் பெண்கள் சொல்லிக்கொள்ளாத சூட்சுமம்.

கத்தோலிக்கப் பள்ளியில் பொங்கலா என்று யாராவது கேட்பார்கள் என்றுதான் தயாராக இருந்தேன். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிலேயே அந்தந்த மக்களின் மரபுக்குக் கதவைத் திறந்துவிட்டது என்று பதிலும் கையில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பார் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாக்கி வாசல் கேட்டில் காப்புக் கட்டினார்கள், ஃபாதர் பானையை மந்திரித்தார், எல்லாம் சுமுகம். சாமியில் வராத சிக்கல் அரிசியில் வந்தது.

இத்தனைக்கும் அரசின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தினமும் ஒரே பாத்திரத்து உணவை அருகருகே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதற்கு யாரும் எனக்குப் போன் போட்டதில்லை. அரசாங்கத்து அரிசிக்கு ஊடு கிடையாது போலும்.

நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? "ஆமாங்க, ஒரே பானைதானுங்க" என்றிருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்திருக்கும். அடுத்த நாள் இன்னும் நான்கு பேருக்கு. வராதவர்கள் ஏன் வரவில்லை என்பது வந்தவர்களுக்குத் தெரியாமலா போகும்? பிள்ளைகளின் காதில் விழாமல் முடித்ததே பெரிது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். கணக்குப் பாடமும் ஒரு கிராம் குறையவில்லை, கடை அரிசியை ஒரே குண்டாவில் கொட்டி ஆளுக்கொரு பிடி அள்ள வைத்தாயிற்று.

ஆனால் வேகாது என்ற காரணம் எவ்வளவு தூரம் நிற்கும்? 2025 பொங்கல் தொகுப்பில் அரிசி அட்டைக்கு ஒரு கிலோ பச்சரிசி, ஒரு கிலோ சர்க்கரை, ஒரு முழுக்கரும்பு. பொங்கலுக்கு முன்பே பெரும்பாலான வீடுகளில் அந்தப் பச்சரிசி இருந்தது. "தொகுப்புல வந்த பச்சரிசில ஒரு பிடி" என்று டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் ஏறக்குறைய ஒரே பக்குவத்தில் வெந்திருக்கும். இது போனை வைத்த ஐந்தாவது நிமிடமே எனக்குத் தெரியும். தலைமையாசிரியை சிஸ்டரிடம் போகும்போதும் தெரியும். அவரிடம் போன் வந்ததைச் சொல்லவில்லை, வேகாது என்பதை மட்டும் சொன்னேன். "அப்படியா, எனக்கு சமையல் தெரியாது டீச்சர், நீங்க பாத்துக்கங்க" என்றார். அந்த வாரம் காலை வழிபாட்டில் ஐந்து அப்பம், இரண்டு மீன் கதை. ஒரு சிறுவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்த பகுதியை நான்தான் வாசித்தேன்.

முடிவு மாறியது எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு சிறுமி கைக்குட்டையில் முடிந்து அரிசி கொண்டுவந்திருந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். பச்சரிசிதான். உலையில் கிடந்ததோடு சேர்த்தால் எது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. "இது வேகாதுடா கண்ணு" என்று திரும்ப முடிந்து அவள் பையில் வைத்தேன். யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதப்போவதில்லை. அது தெரிந்திருந்ததால்தான் திருப்பிக் கொடுத்தேனா, இல்லை ஒன்றைப் போட்டால் மற்றவர்கள் கேட்பார்களே என்றா, இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த தைக்கான சுற்றறிக்கையை ஆடியிலேயே எழுதி வைத்துவிட்டேன். தொகுப்புப் பச்சரிசி, ஒரு கைப்பிடி, காய்ந்த துணியில் முடிந்து. சிஸ்டர் மேசைக்கு அது இன்னும் போகவில்லை.