20டபிள்யூ-50 ஊற்றினால் ஒழுகல் நிற்குமா?

எங்கள் வீட்டில் கார் நிற்கும் இடமும் அம்மா கோலம் போடும் இடமும் ஒன்றுதான். காலையில் நான் வண்டியை எடுத்து ஓரமாக விட்டால்தான் அவளுக்கு வாசல் கிடைக்கும். போன ஐப்பசியிலிருந்து அங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கறை. சோப்புப் பொடி போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கோலமாவு அந்த இடத்தில் மட்டும் ஊறிக் கறுத்துவிடுகிறது. "மார்கழி பொறக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணு, இல்லன்னா வண்டிய தெருவுல நிறுத்திக்க" என்று சொல்லிவிட்டாள்.

வண்டி 1999 மாடல். 800 சிசி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர். பெயர் சொல்ல வேண்டியதில்லை, திருச்சியில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஓட்டப் பழகியது அதில்தான். மீட்டர் 1,14,000 காட்டுகிறது. நடுவில் கேபிள் அறுந்து மீட்டர் எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்பது அப்பாவுக்குத்தான் வெளிச்சம்.

முதலில் எவ்வளவு ஒழுகுகிறது என்று அளந்தேன். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தி, பழைய எவர்சில்வர் தாம்பாளத்தை அடியில் வைத்து, காலையில் சிரிஞ்சால் உறிஞ்சிப் பார்த்தேன். மூன்று இரவுகளின் சராசரி 9 மி.லி. ஓடும்போது போவது தனி. 500 கிலோமீட்டருக்குக் கால் லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. எங்கள் வாசல் சரிவானது. மூக்கை மேலே வைத்து நிறுத்தினால் ஒரு அளவு, திருப்பி நிறுத்தினால் வேறு அளவு. அதனால் எல்லா அளவும் ஒரே பக்கம் பார்த்து நிறுத்தியே எடுத்தேன்.

சந்தேகம் முதலில் ஆயில் மேலேயே போனது. அதற்கு முந்தைய சர்வீஸில் ஒரு கடையில் 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றியிருந்தார்கள். "புது வண்டிக்கெல்லாம் இதுதான் சார் போகுது" என்றார்கள், நானும் தலையாட்டினேன். அதோடு ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் மேல் கோட்டைத் தாண்டி நிரப்பியும் விட்டார்கள். வண்டியின் கையேட்டை எடுத்துப் பார்த்தால், நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 வரை ஊற்றலாம் என்று படம் போட்டே காட்டியிருக்கிறது.

அந்த எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, எஞ்சின் சுற்றுமா என்று சோதிக்கிறார்கள். திருச்சியில் மார்கழி விடியலிலேயே 20 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கும், அதனால் முன்னால் உள்ள எண் காஷ்மீர்க்காரர்கள் கவலைப்பட வேண்டியது. நமக்கு வேண்டியது பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் 30 கிரேடு ஆயிலின் கெட்டித்தன்மை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையை அளக்கும் அலகு) வரை, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 வரை. ரசத்துக்கும் சாம்பாருக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிந்தெடிக் ஊற்றினால் பழைய சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் அடைக்கும் ரப்பர், சுருங்கிவிடும் என்ற பேச்சும் உண்டு. 1970களில் வந்த சிந்தெடிக் ஆயில்கள் சிலவற்றில் அந்தத் தொந்தரவு இருந்தது. இப்போது வருபவற்றில் சீலுக்கு வேண்டியதைச் சேர்த்தே தருகிறார்கள். ஆனால் நல்ல ஆயில் உள்ளே படிந்த அழுக்கைக் கரைக்கும். இருபத்தைந்து வருட அழுக்குதான் சில இடங்களில் அடைப்பாக நின்று ஒழுகலைத் தடுத்துக்கொண்டிருக்கும். எனக்கு நடந்தது அதுவா, ஆயில் நீர்த்திருந்ததா, அதிகமாக நிரப்பியதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

நவம்பர் தொடக்கத்தில் பழையதை இறக்கி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில், புது ஃபில்டர், டிரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர். ஆயிலை மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழேயே நிறுத்தினேன். இறக்கிய ஆயிலைப் பக்கத்து வீட்டுக்காரர் மாட்டுக்கொட்டகைக் கம்பத்தில் கரையானுக்குப் பூச வாங்கிப் போனார்.

ஒரு வாரம் ஓட்டி அளந்தால் 5 மி.லி.! அன்று காலை எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. அம்மாவைக் கூப்பிட்டுத் தாம்பாளத்தைக் காட்டினேன். "அப்பவும் ஒழுகுதுல்ல" என்றாள்.

மூன்று வாரம் கழித்து 500 கிலோமீட்டர் கணக்கைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஊற்றவேண்டி வந்தது 200 மி.லி. முன்பு 250. தாம்பாளத்தில் கிட்டத்தட்டப் பாதி குறைந்திருக்கிறது, குச்சியில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்திருக்கிறது. யோசித்தால் நியாயம்தான். இரவில் வண்டி ஆறிப்போய் நிற்கும்போது இரண்டு ஆயிலுக்கும் கெட்டித்தன்மை வித்தியாசம் மிகப் பெரிது. 40 டிகிரியில் 20டபிள்யூ-50 இரண்டு மடங்குக்கும் மேல் கெட்டி. சூடேற ஏற அந்த இடைவெளி சுருங்குகிறது. ஆக, தாம்பாளம் கெட்டி ஆயிலுக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஒழுகல் அதிகமாக நடப்பதோ ஓடும்போது.

இந்தச் சமயத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை. இதைவிடக் கெட்டியாக 60 கிரேடு போடு என்றார் ஒருவர். 20டபிள்யூ-50க்கே காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி டேப்பட் சத்தம் கேட்கிறது. ஆயில் மேலே ஏறும்வரை, வால்வுகளைத் திறக்கும் காம்ஷாஃப்ட் காய்ந்து சுற்றும். இதற்கு மேல் கெட்டி வேண்டாம் என்று விட்டேன். இன்னொருவர், ஆயிலில் கொஞ்சம் பிரேக் ஆயில் கலந்தால் சீல் உப்பி ஒழுகல் நிற்கும் என்றார். உப்பும், வாஸ்தவம்தான். அப்புறம் நொந்து கூழாகவும் ஆகும், பேரிங்கும் அந்தக் கலவையில்தான் சுற்ற வேண்டும். அந்தப் பக்கமே போகவில்லை.

சீலை மிருதுவாக்கும் மருந்து என்று கடையில் பாட்டிலில் விற்பதை மட்டும் ஒன்று வாங்கி ஊற்றினேன். காய்ந்த ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து இளக்குவதுதான் அதன் வேலை, உடனே தெரியாது. இரண்டு வாரம், 400 கிலோமீட்டர் ஓட்டியும் 5 மி.லி. 4.5 ஆனது. என் சிரிஞ்சின் பிழையே அவ்வளவு இருக்கும்.

அப்போது டிசம்பர் 6. மார்கழிக்குப் பத்து நாள். ரோஷத்தை விட்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். குனிந்து பார்த்துவிட்டு, "பெல் ஹவுசிங் முழுக்க ஆயிலா இருக்கு. பின்னாடி கிராங்க் சீல் போயிருக்கும் தம்பி. கியர்பாக்ஸ இறக்கணும்" என்றார். பெல் ஹவுசிங் என்பது இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச்சை மூடியிருக்கும் கூடு. நான் ஆயில் மாற்றிய கதையைச் சொன்னதும் சிரித்தார். "ஓட்டைப் பானைக்குத் தண்ணிய மாத்தி ஊத்தினா ஆச்சா?" கிளம்பும்போது, "இறக்கறதுக்கு முன்னாடி வண்டி மூச்சு விடுதான்னு பாத்துக்கங்க" என்று ஒன்றைச் சொன்னார். அந்த ஒரு வரிக்கே அவருக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும்.

மூச்சு என்றது பிசிவி வால்வை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் புகையை இன்ஜின் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்தச் சீல் பலவீனமோ அந்த வழியாக ஆயிலைத் தள்ளும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். என்னுடையது குங்கிலியம் உறைந்ததுபோல் அசையாமல் கிடந்தது. புதிதும் அதன் ரப்பர் குழாயும் மாற்றினேன். அரை மணி நேர வேலை, செலவு ஆயில் விலையில் கால்வாசிகூட இல்லை. தாம்பாளத்தில் 3 மி.லி.

அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். இன்ஜின் ஆறியபின் டீசலும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்து, கழுவி, காயவிட்டு, அம்மாவின் முகப் பவுடரை ஊதி வெள்ளையாக்கினேன். கால் மணி நேரம் ஓட்டி வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பவுடரில் ஆயில் போன தடம் அப்படியே தெரிகிறது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பின் மூலையில் ஒன்று. இன்னொன்று, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியிலிருந்து கிளம்பி நேராக இறங்கி, பெல் ஹவுசிங் மேல் வழிந்திருந்தது. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் காம்ஷாஃப்ட்டின் பின் முனையில், கியர்பாக்ஸ் பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போனால் கீழே பார்ப்பவருக்குக் கிராங்க் சீல் போனதுபோலவே தெரியும். அண்ணனைக் குற்றம் சொல்ல முடியாது, அழுக்கோடு கொண்டுபோய்க் காட்டியது நான்.

ஓ-ரிங் சுண்டைக்காய் விலை. டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றும் முன் அது நின்ற இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டேன். டைமிங் மாறிவிட்டால் அது வேறு தலைவலி. பழைய ஓ-ரிங் கையில் எடுத்ததும் வளையல்போல் இரண்டாக உடைந்தது. இதைப் பாட்டில் மருந்தால் எப்படி இளக்க முடியும்? டேப்பட் கவர் பேக்கிங்கும் அப்படித்தான், போதாக்குறைக்கு முன்பு யாரோ அனபாண்ட் பசையை அப்பி வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டத்தான் அரை நாள் ஆனது. உள்ளே ஒரு துண்டு விழுந்தாலும் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள சல்லடையில் போய் ஒட்டிக்கொள்ளும். புது பேக்கிங்கை வைத்து, போல்ட்டுகளைக் கையால் முடுக்கி, ஸ்பானரில் கொஞ்சம் மட்டும் இறுக்கினேன். முறுக்கித் தள்ளினால் பேக்கிங் பிதுங்கி மறுபடி ஒழுகும்.

டிசம்பர் 15 காலை தாம்பாளத்தில் சிரிஞ்சால் எடுக்க முடியாத அளவு. எண்ணினால் நாலு சொட்டு.

இப்போது மாசி. 500 கிலோமீட்டருக்கு 50 மி.லி. போகிறது, அதில் எரிவது எவ்வளவு, ஒழுகுவது எவ்வளவு என்று பிரிக்கவில்லை. அந்த நாலு சொட்டு கிராங்க் சீலில் இருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். அதற்காக மட்டும் கியர்பாக்ஸை இறக்கப் போவதில்லை. கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரும்போது கூடவே மாற்றிக்கொள்ளலாம். 20டபிள்யூ-50யை அப்படியே தொடர்கிறேன், ஒழுகலுக்காக இல்லை, கையேடு சொல்வதும் அதுதான் என்பதால். பாட்டில் மருந்து இனி கிடையாது.

மார்கழி முப்பது நாளும் புள்ளிக்கோலம் முழுசாக விழுந்தது. தாம்பாளத்தை மட்டும் அம்மா திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை, "அதை நீயே வெச்சுக்க" என்றாள்.