144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு எந்தக் கேபிள்? மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன்

புது மானிட்டர் 27 அங்குலம், 2560×1440, 144 ஹெர்ட்ஸ். பெட்டியோடு வந்த ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டியதும் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட் (நொடிக்கு எத்தனை முறை திரையில் படம் மாறுகிறது என்ற எண்) 60, 75 என்ற இரண்டோடு நின்றுவிட்டது.

கேபிளில்தான் குறையோ என்று நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ கேபிளைப் போட்டுப் பார்த்தேன். அதே 75தான். பிறகு மானிட்டரின் கையேட்டைப் புரட்டினால் விஷயம் அங்கே இருந்தது: அதன் ஹெச்டிஎம்ஐ போர்ட் 1.4 வகை. கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடுகிறது. ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் வரும் ஒரு படத்துக்கு, சுமார் 36.9 லட்சம் பிக்சல், பிக்சலுக்கு 24 பிட், நொடிக்கு 144 ஃபிரேம். இதுவே நொடிக்கு 12.7 ஜிகாபிட்டைத் தாண்டுகிறது. 1.4-இன் மொத்த வேகமே 10.2 ஜிகாபிட், அதிலும் படத்துக்குக் கிடைப்பது 8.16தான். எவ்வளவு நல்ல கேபிள் போட்டாலும் போர்ட் விடாது. அதனால் கேபிள் வாங்கும் முன் இரண்டு பக்கப் போர்ட்டும் எந்த வகை என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அடுத்து, ஹெச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பான டிஸ்ப்ளேபோர்ட். கிராபிக்ஸ் கார்டிலும் மானிட்டரிலும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருக்கிறது (ஹெச்டிஎம்ஐ 1.4 வேறு, இது வேறு), படத்துக்கு 25.92 ஜிகாபிட் கிடைக்கும், தாராளம். சொருகியதும் ‘கிளிக்’ என்று கொக்கி விழுந்தது. (கழற்றும்போது மேலே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும், வெறுமனே இழுத்தால் போர்ட் போய்விடும்.) பட்டியலில் 144 வந்துவிட்டது! மவுஸை வேகமாக நகர்த்தினாலே வித்தியாசம் தெரிகிறது. நீண்ட பக்கத்தை உருட்டும்போதும் எழுத்துகளைப் படிக்க முடிகிறது. இதற்காகத்தானே இந்த மானிட்டரை வாங்கினேன்.

லேப்டாப்பில் யுஎஸ்பி-சி மட்டும்தான். சார்ஜர் கேபிளை மானிட்டரின் சி போர்ட்டில் மாட்டினேன். சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. பல சார்ஜிங் கேபிள்களில் யுஎஸ்பி 2.0-வுக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், வீடியோ போக வழியே கிடையாது. எல்லாக் கம்பிகளும் உள்ள சி கேபிளை மாட்டியதும் படமும் சார்ஜும் ஒரே கேபிளில் வந்தன. லேப்டாப்பின் போர்ட்டுக்கும் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (சி போர்ட் வழியே படம் அனுப்பும் வசதி) இருக்க வேண்டும். எல்லா சி போர்ட்டுக்கும் அது கிடையாது.

டிஸ்ப்ளேபோர்ட்–ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்குகிறவர்கள் திசையைப் பார்த்து வாங்குங்கள். சாதாரணக் கேபிளில் கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் ஹெச்டிஎம்ஐ என்றால்தான் வேலை செய்யும். திருப்பி மாட்டினால் படம் வராது. அதற்குத் தனியாக, சிக்னலையே மாற்றித் தரும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும்.

இப்போதுள்ள கேபிள் 2 மீட்டர். கணினியை மேசைக்குக் கீழே தள்ளி வைத்தால் 3 மீட்டர் தேவைப்படும். அந்த நீளத்திலும் 144 அப்படியே நிற்கிறதா, திரை நடுநடுவே கறுத்துப் போகிறதா என்று அடுத்ததாகப் பார்க்கப் போகிறேன்.