ஒரு கையெழுத்துக்காக இரண்டு முறை கடல் தாண்டினேன்

மூன்று வருட தாதியர் டிப்ளோமாவை முடித்து, தாதியர் வாரியத் தேர்வும் எழுதி, பதிவும் கிடைத்துவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் படிப்பு கொடுத்த கஷ்டம் மறந்துபோச்சு, காகிதம் கொடுத்த கஷ்டம் இன்னும் ஆறவில்லை. அடுத்து சேரப்போகிற தங்கைகளும் தம்பிகளும் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு, நேர்முகத் தேர்வு, பிடிபிடிஎன் படிப்புக் கடன் எல்லாம் உங்களுக்கே தெரியும். அதிலெல்லாம் எனக்கு ஒரு தடங்கலும் வரவில்லை.

முதல் தடங்கல் ஊசிக் கார்டில் வந்தது.

வார்டுக்குள் கால் வைப்பதற்கு முன் ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசி போட்டதற்கு அத்தாட்சி கேட்டார்கள். மலேசியாவில் 1989 முதல் குழந்தைகளுக்கு அந்த ஊசி போடுகிறார்கள். நான் 2004-இல் பிறந்தவள். மூன்று தடவையும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டது அம்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதை எழுதி வைத்த சின்னப் புத்தகம் எங்களிடம் இல்லை. 2017 நவம்பர் 4 ராத்திரி பினாங்கையே மூழ்கடித்த வெள்ளம் எங்கள் வீட்டையும் விடவில்லை. நாங்கள் இருப்பது ஜாலான் பி. ரம்லி பக்கம். கீழ் அலமாரியில் இருந்த எதுவும் மிஞ்சவில்லை.

கல்லூரிக் கிராணியிடம் (அலுவலக எழுத்தரிடம்) இதைச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கார்டு இல்லையென்றால் முதலிலிருந்து மூன்று ஊசி, முடித்துவிட்டு வா என்றார். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அப்படியென்றால் முதல் போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சி, முழுக்கப் போய்விடும். சின்ன வயதில் ஊசி போட்ட கிளினிக்கிற்கு அம்மாவோடு போய்ப் பார்த்தேன். அவ்வளவு பழைய பதிவு கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அரை நாள் வீண்.

வழி சொன்னது இரண்டாம் வருடம் படித்த ஓர் அக்கா. "கார்டு எதுக்கு? ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருக்கான்னு பார்த்தா போச்சு," என்றார். அதற்கு ஆன்டி-எச்பிஎஸ் என்று பெயர். 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. எடுத்துப் பார்த்தேன். எனக்குப் 10-க்குக் கீழே! கிளினிக் வாசலிலேயே அழுதுவிட்டேன். டாக்டர் பொறுமையாக உட்கார வைத்துச் சொன்னார்: குழந்தையில் போட்ட ஊசி தந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு இந்த வயதில் இறங்கிப்போவது சகஜம், உடம்பு அதை மறந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஒரே ஒரு ஊசி போட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம். அப்படியே செய்தோம். அளவு நூறைத் தாண்டியிருந்தது. அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கிராணி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார். நான் தவறவிட்ட நாட்களை செமஸ்டர் விடுமுறையில் ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

எதற்கு இந்த ஊசிக்கு இவ்வளவு கெடுபிடி என்று அப்போது கோபப்பட்டேன். வார்டுக்குப் போனதும் புரிந்தது. என்னோடு படித்தவள் ஒருத்தி, பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடப் பார்த்து விரலில் குத்திக்கொண்டாள். மூடி போடவே கூடாது, அப்படியே மஞ்சள் டப்பாவில் போட வேண்டும். குத்திவிட்டால் விரலைப் பிழியக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு அந்த நிமிடமே பொறுப்பில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். திட்டு வாங்குவோம் என்று அவள் ஒரு மணி நேரம் மறைத்தாள். அந்தத் தப்பை மட்டும் நீங்கள் செய்யாதீர்கள்.

பாடம் என்று பார்த்தால் முதல் வருடம் கட்டில் விரிப்பது, படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டுவது, நாடி, ரத்த அழுத்தம், கை கழுவும் முறை. பிறகு காயத்துக்குக் கட்டு மாற்றுவது, மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, மருந்துக் கணக்கு. மருந்துக் கணக்கைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 24 மணி நேரத்தில் நாலு பைண்ட் டிரிப் (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் நீர்) என்று டாக்டர் எழுதினால் ஒரு பைண்ட், அதாவது 500 மில்லி, ஆறு மணி நேரத்தில் இறங்க வேண்டும். 20 சொட்டு ஒரு மில்லி என்கிற குழாயில் நிமிடத்துக்கு 28 சொட்டு. கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு தடவை எண்ணிப் பழகினால் கை தானாகச் சரிசெய்யும்.

எனக்குச் சுட்டது வேறொன்று. இரண்டாம் செமஸ்டரில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டியை என்னிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். மத்தியானம் இரண்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை எனக்கு டியூட்டி. 4 மணிக்குத் திருப்பினேன், 6 மணிக்குத் திருப்பினேன், 8 மணிக்கும் திருப்பினேன். 6 மணிக்கு மட்டும் யாரோ கூப்பிட்டார்கள் என்று ஓடினதில் சார்ட்டில் எழுத விட்டுப்போச்சு. ராத்திரி ஷிப்டு வந்து பார்க்கும்போது இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அது படுக்கைப் புண்ணின் முதல் கட்டம். சிஸ்டர் சார்ட்டை எடுத்துப் பார்த்தார். "6 மணிக்குத் திருப்பினேன் சிஸ்டர்," என்றேன். "எங்கே?" என்று சார்ட்டைத் தட்டிக் காட்டினார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் சி.ஐ. (வார்டில் பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்) தமிழர். தனியாகக் கூப்பிட்டு, "எழுதலன்னா செய்யலன்னு அர்த்தம்மா. கோர்ட்ல போய் நின்னாலும் இதுதான்," என்றார். அன்று ராத்திரி பஸ்ஸில் போகும்போது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆத்திரம் அடங்கியது டெங்கி வார்டில். பத்தொன்பது வயதுப் பையன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. "விட்டிருச்சு மிஸ்ஸி, வீட்டுக்குப் போலாமா?" என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியே போகும் நேரம் அது. மணிக்கு மணி சிறுநீரை அளந்து எழுதிக்கொண்டே வந்தேன். அவன் எடை அறுபது கிலோ. எடை ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது போக வேண்டும், அதாவது 30 மில்லி. நாலு மணி நேரத்தைக் கூட்டினால் 70-கூட வரவில்லை. ஸ்டாஃபிடம் (பணியில் இருந்த தாதியிடம்) ஓடிப்போய்க் காட்டினேன். ரத்தம் எடுத்தார்கள், ரத்தம் கெட்டியாகி ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறியிருந்தது. டிரிப்பின் அளவைக் கூட்டினார்கள். மூன்று நாள் கழித்து அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். அந்த நாலு எண்களை நான் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். வார்டில் நம் மொழிக்கு வேலை இருக்கிறது. 2008 முதல் சுகாதார அமைச்சு நாடி, ரத்த அழுத்தம் போல வலியையும் ஐந்தாவது உயிர்க்குறியாகக் கணக்கெடுக்கச் சொல்கிறது. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு எழுத வேண்டும். மலாய் ஸ்டாஃப் 'சாக்கிட்?' என்று கேட்பார், சீனப் பாட்டிகளிடம் 'தியா போ?' என்று கேட்க நாங்களும் பழகிக்கொண்டோம். இரண்டுக்கும் வலிக்கிறதா என்றுதான் அர்த்தம். சர்க்கரை வியாதி உள்ள நம் பாட்டி ஒருவர் அந்தக் கேள்விக்கு இல்லை என்று தலையாட்டிவிட்டார். பூஜ்யம் என்று எழுதியாகிவிட்டது. நான் போர்வையைச் சரிசெய்யப் போனபோது, "வலியெல்லாம் இல்ல கண்ணு, நெஞ்ச என்னமோ பெசையுது, வேர்த்துக் கொட்டுது," என்றார். நம்மவர்களுக்குக் குத்துவது வேறு, குடைவது வேறு, கடுப்பது வேறு, பிசைவது வேறு. எல்லாவற்றையும் 'சாக்கிட்' என்ற ஒரு சொல்லுக்குள் அவர்கள் அடக்க மாட்டார்கள். அதிலும் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். உடனே ஸ்டாஃபிடம் சொன்னேன், ஈசிஜி எடுத்தார்கள், அன்றைக்கே இருதயப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆகவே சும்மா வலிக்குதா என்று கேட்காதீர்கள். எப்படி இருக்கு பாட்டி என்று கேளுங்கள்.

இனி லாக் புக்குக்கு வருகிறேன். தலைப்பில் சொன்ன கடல் கதை இதுதான்.

ஒவ்வொரு செய்முறையையும் இத்தனை தடவை செய்தோம் என்று லாக் புக்கில் கையெழுத்து வாங்க வேண்டும். அது நிரம்பாமல் கடைசித் தேர்வுக்குப் பெயர் போகாது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் போடுவதில் எனக்கு ஒரு கையெழுத்து குறைந்தது. செய்யாமல் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்த ஸ்டாஃப், "டியூட்டி முடியும்போது போடுறேன் டிக் (தங்கச்சி)," என்றார். டியூட்டி முடியும்போது அவருக்கு ஓர் அவசரம், எனக்கு பஸ் அவசரம். அடுத்த வாரம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த வாரம் போனால் அவர் கெடாவுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

பினாங்குத் தீவின் ஜெட்டியில் ஃபெரி பிடித்து, எதிர்க்கரையில் பட்டர்வொர்த்தில் இறங்கி, பினாங்கு சென்ட்ரலில் பஸ் ஏறி கெடாவின் சுங்கை பட்டாணிக்குப் போனேன். பசியாறக்கூட இல்லை. அங்கே போனால் அன்று அவருக்கு ஓய்வு நாள். ஃபோன் செய்து கேட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும், எண் வாங்கி வைத்திருக்கவில்லை. அடுத்த வாரம் திரும்பவும் ஃபெரி, திரும்பவும் பஸ். இந்தத் தடவை அவர் இருந்தார். பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு, தண்ணீர் வாங்கிக் கொடுத்து, கையெழுத்தும் போட்டார். நேர்மையான மனுஷி, அன்றைய தேதியைத்தான் போட்டார். அதைக் கல்லூரியில் காட்டினால், போஸ்டிங் முடிந்த பிறகு போட்ட தேதி செல்லாது என்று அதே கிராணி புத்தகத்தைத் திருப்பித் தள்ளினார். இரண்டு நாள் பயணம், பஸ் காசு, எல்லாம் போச்சு. அந்த விதி சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். முன் தேதி போட்டுக் கொடுங்கள் என்று ஒரு தாதியிடம் கேட்கவும் கூடாது. ஆனால் அந்த விதியை முதல் நாளே எங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம் இல்லையா? இரண்டரை வருடத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை.

கடைசி போஸ்டிங்கின் கடைசி நாளுக்கு முந்தின நாள்தான் மறுபடியும் வாய்ப்பு வந்தது. கை நடுங்கியது. முதல் தடவை குழாய் தவறான வழியில் போய்விட்டது. இது பலருக்கு நடக்கும், பதறி அதை வெளியே இழுக்காதீர்கள். அதை அங்கேயே விட்டுவிட்டுப் புதுக் குழாயை எடுத்தால், எது தவறான வழி என்று அந்தப் பழைய குழாயே காட்டும். இரண்டாவது குழாயில் சிறுநீர் வந்தது. வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுத்தான் பலூனில் தண்ணீர் ஏற்ற வேண்டும், சிறுநீர் வராமல் ஏற்றவே கூடாது. பையைக் கட்டிலுக்குக் கீழே, மூத்திரப்பைக்குத் தாழ்வாக மாட்டினேன். கையுறையைக் கழற்றி, கை கழுவி, ஸ்டாஃப் அந்த இடத்தை விட்டு நகர்வதற்குள் லாக் புக்கை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். அந்தச் சந்தோஷம் பட்டமளிப்பு விழாவில்கூட எனக்கு வரவில்லை.

ஆகவே புத்தகம் எப்போதும் பாக்கெட்டில் இருக்கட்டும். செய்த இடத்திலேயே, பாஸ் ஓவர் (அடுத்த ஷிப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது) தொடங்குவதற்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள். தினமும் வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

பெயரையும் முதல் செமஸ்டரிலேயே சரிபாருங்கள். எனக்கு ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கும் ஏ/பி, அதாவது இன்னாரின் மகள் என்ற குறி, கல்லூரிப் பதிவில் விட்டுப்போயிருந்தது. மூன்று வருடம் யார் கண்ணிலும் படாமல், தேர்ச்சிப் பட்டியல் அச்சாகி வந்த பிறகுதான் தெரிந்தது. திருத்தி வாங்க மூன்று வாரம். என் தோழிகள் வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தபோது நான் கவுண்டர் முன்னால் நம்பர் எடுத்து உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பதிவுச் சான்றிதழ், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டிய ஏபிசி (தாதியாக வேலை செய்வதற்கான அனுமதிச் சான்றிதழ்), அந்த ஆன்டி-எச்பிஎஸ் தாள், லாக் புக் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. வெள்ளம் ஏறி நின்ற கோடு இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தெரிகிறது. அதற்கு இரண்டு அடி மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், அப்பா ஆணி அடித்து மாட்டி வைத்திருக்கிறார்.