உப்புக்காற்றில் ஒரு தகவல் மையம்

கடற்கரையில் கணினி வேலை என்றால் அதில் பாதி உப்பைத் துடைக்கும் வேலை. நேர்காணலில் இதை யாரும் சொல்லவில்லை. தரவுத்தளம் தெரியுமா, தமிழில் தட்டச்சு வருமா, கிராமத்தில் தங்கச் சம்மதமா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். சேர்ந்த பிறகு வந்த முதல் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்திலேயே பாடம் ஆரம்பமாகிவிட்டது. மேசைக் கணினிக்குள் இருக்கும் சின்ன விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு உப்பும் வந்து பலகையில் படியும். உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஈர உப்பு மின்சாரத்தைக் கடத்தும், கொஞ்ச நாளில் செம்பு இருக்கும் இடமெல்லாம் பச்சை பூத்துவிடும். பழைய பல் பிரஷும் ஸ்பிரிட் பாட்டிலும் என் மேசையில் எப்போதும் இருந்தன. பயிற்சிக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் குளிர்சாதன அறையிலிருந்து வந்தவர், பாவம்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடைப்பட்ட ஒரு மீனவக் கிராமம் அது. ஒரு தொண்டு நிறுவனம் வெளியிலிருந்து கிடைத்த நிதியில் அங்கே தகவல் மையம் திறந்திருந்தது. மீனவர்களுக்குக் கடல் நிலவரம், பிள்ளைகளுக்குப் பாடம், பாசி எடுக்கும் பெண்களுக்குக் கணக்கு வழக்கு, எல்லாம் தமிழில், ஒரே கூரையின் கீழ். காலாண்டு அறிக்கையில் ஐ.நா.வின் 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் எவையெல்லாம் நம் வேலைக்குப் பொருந்தும் என்று குறிக்க ஒரு பக்கம் உண்டு. நான் கல்விக்கு 4, கடலுக்கு 14 என்று குறிப்பேன். மேலிடத்தில் 5-ஐயும் சேர்க்கச் சொல்வார்கள். சரி, பெண்களும் வருகிறார்கள்தானே. திட்டமே எத்தனை வருஷம் நிலைக்கும் என்று கேட்க மட்டும் அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

கடல் நிலவரம் ஐதராபாத்திலிருந்து வரும். இன்காய்ஸ் என்று எல்லோரும் சொல்லும் தேசியப் பெருங்கடல் தகவல் மையம் 1999-இல் அமைந்தது. செயற்கைக்கோள் கடல்மட்ட வெப்பத்தையும் நீரின் பச்சையத்தையும் அளக்கிறது. வெதுநீரும் குளிர்நீரும் சந்திக்கும் இடத்தில் மிதவை உயிரிகள் பெருகும், அவற்றைத் தேடி மீன் வரும். எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்று அறிவிப்பு வரும். தேடி அலையும் டீசல் மிச்சம், கணக்குப்படி.

இதைக் கேட்ட மூத்த சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர், "இதே சேதி எல்லாருக்கும் போகுமா தம்பி?" என்றார். போகும் என்றேன். "அப்ப எல்லாரும் ஒரே எடத்துக்குத்தான் போவாக" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார். எந்தக் கருத்தரங்கிலும் இவ்வளவு சுருக்கமாக இதை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் செயற்கைக்கோளுக்கும் கண் தெரியாது. பாக் விரிகுடாவில் இன்னொரு சிக்கல். பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். கலங்கிய தண்ணீர், கடலடிப் பாசி எல்லாவற்றையும் பச்சையம் என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு. அதனால் எங்கள் ஊரில் மீன் இருக்கும் இடம் சொல்லும் அறிவிப்பை விடக் காற்று, அலை பற்றிய அறிவிப்புக்குத்தான் மதிப்பு. மீன் எங்கே என்பது அவர்களுக்குத் தெரியும். பிழைத்துத் திரும்பலாமா என்பதுதான் கேள்வி.

அதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. ராமநாதபுரம் ஒரே மாவட்டம், ஆனால் கடல் இரண்டு. மன்னார் வளைகுடா தென்கடல், பாக் விரிகுடா வடகடல். கச்சான் அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் கொஞ்சம் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் நேர்மாறு. மண்டபம், பாம்பன் பக்கத்துப் படகுகள் பருவத்துக்கு ஏற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறுவது இதனால்தான். எங்களுக்கு வந்துகொண்டிருந்த செய்தியோ மாவட்டம் முழுமைக்கும் ஒன்று. "கடலுக்குப் போக வேண்டாம்" என்று வரும். வடகடல்காரர் எட்டிப் பார்ப்பார், தண்ணீர் சும்மா கிடக்கும். இரண்டு தடவை இப்படி நடந்தால் மூன்றாவது எச்சரிக்கையை யார் மதிப்பார்? வாட்ஸ்அப்பில் வடகடல், தென்கடல் என்று இரண்டு குழு போட்டோம். காற்றின் திசையைப் பார்த்து, எந்தப் பக்கத்துக்கு என்ன என்று பிரித்து, குரல் பதிவாக அனுப்பினோம். இரண்டு வருஷத்தில் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு மென்பொருள் எதுவும் எழுதவில்லை என்பதால் அறிக்கையில் ஒரு வரிகூட வரவில்லை.

எழுத்தில் அனுப்பாமல் குரலாக ஏன் என்றால், ஈரக் கையோடு யாரும் திரையைத் தடவிப் படிக்கப் போவதில்லை. அப்புறம் கைபேசிக் கோபுரத்தின் எட்டுதூரமே கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அதைத் தாண்டினால் கையில் இருப்பது வெறும் டார்ச் லைட். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2019-இல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக வரும் செய்தியை வாங்கிக் கைபேசிக்குக் கொடுக்கும். ஆனால் ஒருவழிப் பாதை. கரை பேசும், கடல் பேச முடியாது. தனுஷ்கோடிப் பக்கம் போனால் இன்னொரு கூத்து. கைபேசி இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுக்கு வந்திருக்கிறீர்கள் என்று வரவேற்புச் செய்தி கொடுக்கும்.

கரையில் நிற்பவர்களுக்கு ஒலிபெருக்கியே போதுமானதாக இருந்தது. இது புதிதும் அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களின் கடைசியில் புதுச்சேரிப் பக்கம் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து ஒலிபெருக்கியில்தான் சொன்னார்கள். 2004 சுனாமி அன்று நல்லவாடு கிராமத்து மக்களை வெளியேற்றியது சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பும் அந்த மையத்து ஒலிபெருக்கியும்தான். பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி நடக்கிறது. காதுக்குப் போகும் தொழில்நுட்பம் இந்தக் கரையில் தோற்று நான் பார்க்கவில்லை.

விலை விஷயம் வேறு கதை. கேரளத்தில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் செல்போன் வந்தபிறகு மத்தி விலை ஊருக்கு ஊர் வேறுபடுவது குறைந்தது, மீன் விற்காமல் வீணாவதும் நின்றது என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த வரைபடத்தைக் காட்டாமல் போகமாட்டார்கள். நாங்களும் ராமேஸ்வரம், ராமநாதபுரம் விலையைத் தினமும் பலகையில் எழுதினோம். எல்லோரும் நின்று படித்தார்கள். படித்துவிட்டு வழக்கமான வியாபாரியிடமே நண்டைப் போட்டார்கள். வலைக்கும் எஞ்சினுக்கும் அவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். கடன் தீரும்வரை கடலில் கிடைக்கும் பாடு அவருக்குத்தான், அவர் சொல்வதுதான் விலை. விலை தெரியாமல் இருந்தபோது வராத எரிச்சல் தெரிந்தபிறகு வந்தது. அதுவும் ஒரு பயன் என்று வைத்துக்கொள்ளலாம். முன்பணத்தை அப்படியே விட்டுவிட்டு விலைப்பட்டியலை மட்டும் மாற்றும் எந்தச் செயலியும் இங்கே எடுபடாது என்பது என் முடிவு.

பிள்ளைகளுக்கு வருவோம். 2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு அச்சிட்டிருக்கிறார்கள். கைபேசியில் படம் பிடித்தால் பாடத்தின் காணொளி திறக்கும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். சாயங்காலம் அப்பா அதைப் பாலித்தீன் பையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கடலுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளை படிக்க உட்காரும் நேரமும் போன் கடலில் இருக்கும் நேரமும் ஒன்றே. காலையில் போன் திரும்பும்போது சார்ஜ் இருக்காது, பிள்ளைக்கும் பள்ளிக்கு நேரமாகிவிடும். சென்னையில் உட்கார்ந்து திட்டம் தீட்டுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

வீட்டில் டிவி இருந்தது. பெரும்பாலான டிவிகளில் பென் டிரைவ் செருகும் இடமும் இருந்தது. வகுப்புவாரியாகக் காணொளிகளை இறக்கிப் பென் டிரைவில் போட்டு, நூலகப் புத்தகம் போல நோட்டில் கையெழுத்து வாங்கி வீட்டுக்குக் கொடுத்தோம். சனிக்கிழமை திருப்பித் தரவேண்டும். சில பென் டிரைவ்கள் விஜய் படத்தோடு திரும்பி வந்தன. பாடத்தை அழித்துவிட்டுத்தான் படத்தை ஏற்றியிருப்பார்கள். அதனால் என்ன, மறுபடி பாடத்தைப் போட்டுக் கொடுப்போம். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது, தெருவில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலப் பெண்களும் இதே பென் டிரைவ்களைக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

பழைய எழுத்துருப் பிரச்சினை ஒன்றும் இருந்தது. ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் முழுக்கப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தமிழுக்கு இடம் 1991-லேயே வந்துவிட்டது, அதை ஏற்கும் அரசாணை 2010-இல் வந்தது, ஆனால் டிடிபி கடைக்காரரின் கணினிக்கு அது ரொம்ப நாள் எட்டவில்லை. அந்தக் கோப்பை என் கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்துகள். பாமினியில் கடல் என்று அடித்தால் வேறு எழுத்துருவில் எஃப், எல், ஒய், ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். பக்கத்தில் நின்ற ஏழாம் வகுப்புப் பயல் அதைப் படித்துவிட்டு, "சார், கடல் பறக்குது" என்றான். மாற்றும் நிரலை ஓட்டினேன். பெயர்களைச் சரிபார்க்கும் வேலையை அவனும் அவன் கூட்டாளிகளும் செய்தார்கள். தாத்தா பெயர் எப்படி எழுத வேண்டும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று இவர்கள் பறித்துக் காயவைத்து விற்பதுதான் அகர் அகராகவும் அல்ஜினேட்டாகவும் ஆகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி, மூச்சை அடக்கி முங்கிப் பறிப்பார்கள். 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவானபின் அங்கே இறங்குவதே தடைக்குள் வந்துவிட்டது. மாதத்தில் எத்தனை நாள் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு போட்டுக்கொண்டவர்களும் இவர்கள்தான். சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு 2015-இல், தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீக்காலஜி விருது கிடைத்தது. நீர் எப்போது வற்றும் என்று சொல்ல ஒரு செயலி கொண்டுபோனோம். சிரித்தார்கள். அமாவாசை தெரியாதா எங்களுக்கு என்றார்கள்.

அவர்கள் கேட்டது எடைக்கணக்கு. வியாபாரி காய்ந்த பாசியை நிறுக்கும்போது மண், ஈரம் என்று கழிப்பார். எவ்வளவு கழித்தார் என்பது அவர் நோட்டில் மட்டுமே இருக்கும். அதைத் தாங்களும் பதிந்து வைக்க வேண்டும் என்றார்கள். கைபேசியில் ஒரு படிவம் செய்து கொடுத்தோம். ஒரு அக்கா விரலை வைத்தார், திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார், அப்போதும் இல்லை. கையைத் திருப்பிக் காட்டினார். துணி சுற்றிக்கொண்டு இறங்கினாலும் பார் என்ற கடலடிப் பாறை கிழித்துக் கிழித்து விரல் நுனி முழுக்கத் தழும்பு, நீரில் ஊறி வெளுத்த தோல், ரேகையே மழுங்கிப்போயிருந்தது. "ரேஷன் கடை மிசினுக்கே நான் ஆள் இல்ல தம்பி, இது என்ன பெருசா" என்றார். அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குரலைத் தானாக எழுத்தாக்கும் வசதியையும் பார்த்தோம். செய்தி வாசிப்பவர் தமிழுக்கு அது நன்றாக ஓடியது. கரைக்காற்றும் வத்தைப் படகின் எஞ்சினும் சேர்ந்த பேச்சில் பாசி பஸ்ஸாகவும் கழிவு கல்வியாகவும் விழுந்தன. கடைசியில், "இன்னிக்கி மரிக்கொழுந்து ஒம்பது கிலோ, கழிவு ஒண்ணரை" என்று குரல் பதிவு அனுப்புவது, பிளஸ் டூ முடித்த ஒரு பெண் அதைக் கேட்டு அட்டவணையில் ஏற்றுவது என்று முடிவானது. மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அந்தத் தாளோடு போனபிறகு கழிவு குறைந்தது. எவ்வளவு என்று அந்த அட்டவணையே சொல்லும், அது அவர்களுடைய கணக்கு.

நிதி முடிந்ததும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து கருவிகளுக்குக் கணக்கெடுத்தார்கள். கணினி வாங்கப் பணம் ஒதுக்கியவர்கள், யூபிஎஸ் பேட்டரி மாற்ற ஒதுக்கவில்லை. திரை வாங்க ஒதுக்கியவர்கள், அதைத் தினமும் திறந்து வைக்கும் ஆளுக்கு மூன்றாம் வருஷச் சம்பளம் ஒதுக்கவில்லை. வாசலில் இருந்த தொடுதிரை முதலில் போனது, பிறகு மேசைக் கணினிகள். செயலியைப் புதுப்பிக்க ஆள் இல்லாமல் அது புதிய போன்களில் திறக்காமலே போயிற்று.

இப்போதும் ஓடுவது எவை என்று விசாரித்தேன். ஒலிபெருக்கி ஓடுகிறது, ராமநாதபுரத்தில் பழுது பார்த்துவிடுகிறார்கள், செலவு ஊர்ச் சங்கத்தினுடையது. வடகடல், தென்கடல் குழுக்கள் இரண்டும் இருக்கின்றன, சம்மாட்டி மகன் ஒருவன் நடத்துகிறான். எடைக்கணக்கு எழுதும் பெண்ணுக்குப் பாசிக்காரப் பெண்களே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மாதாமாதம் கொடுக்கிறார்கள். பென் டிரைவ்களில் பாதி காணாமல் போய்விட்டன.

நான் இப்போது வேறொரு கடற்கரை மாவட்டத்தில் இதேபோன்ற ஒரு திட்டத்துக்கு மதிப்பீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். விசிறி இல்லாத சின்னக் கணினி கேட்டிருக்கிறேன். ஊர் ஆளுக்கு ஐந்து வருஷச் சம்பளம், பேட்டரி, பழுதுச் செலவு என்று தனித்தனி வரி போட்டு அனுப்பினேன். "கருவிகள் பகுதி குறைவாக உள்ளது, பராமரிப்பு அதிகமாக உள்ளது" என்று குறிப்பு எழுதித் திருப்பி அனுப்பினார்கள். தொகையை மாற்றாமல் மறுபடி அனுப்பியிருக்கிறேன்.